மருத்துவர் ஸன் யாட் ஸென் வரலாறு

சென்ற ஆவணித் திங்களில் எமக்கு மைத்துனர் முறையாகும் உறவினர் ஒருவர் மிக்க மனவருத்தத்தோடு எம் இல்லம் போந்தனர். அவர்தம் மூத்த மகன் மருத்துவக் கல்லூரியிற் பயின்று தேறியவன். அவன் கற்ற தொழிலை ஒருபுறம் வைத்துவிட்டுப் பொதுவாழ்விற் புகப்போவதாகக் கூறுகின்றான் என்பதே அவர் வருத்தம். "நிலத்தை விற்றன்றோ படிக்க வைத்தேன், மச்சான்! நாடி பிடிக்கக் கற்றவன் இப்பொழுது நாட்டைப் பிடிக்கப் போகின்றேன் என்கின்றானே" என்று அவர் கூறியபொழுது எமக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. யாம் பிள்ளைக்குச் சார்பாகவும் பேசவில்லை, தந்தைக்குச் சார்பாகவும் பேசவில்லை. சீன தேசத்துப் பெரியார் ஒருவருடைய சரித்திரத்தைக் கூறத் தொடங்கினோம். அன்று திண்ணையிற் கூறியதனையே சற்று விரித்து, நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இங்கே தருகின்றோம்.

சீனத்தின் தென்கோடியில், காண்டன் மாகாணத்தில், சுய்ஹெங் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் ஓர் ஏழைக் குடியானவர் இல்லத்தில் 1866ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் நாள் ஸன் யாட் ஸென் பிறந்தார். அக்காலத்தில் மஞ்சு வமிசத்தார் சீனத்தை ஆண்டுகொண்டிருந்தனர். ஆங்கிலேயரோடு நிகழ்ந்த அபினிப் போரில் தோற்று ஹாங்காங் தீவை இழந்தபின் அவ்வரசு உள்ளீடற்ற மரம்போல் நின்றது. ஊர்ப்புறத்துக் குடிகளோ வரி கொடுத்து நொந்து, கடல் கடந்து பிழைக்கப் போயினர். ஸன்னுடைய தமையனார் ஸன் மெய் என்பவரும் அங்ஙனம் ஹவாய்த் தீவுக்குச் சென்று, கூலியாய்த் தொடங்கிப் பின்பு நிலமும் மந்தையும் உடையவரானார். இத்தமையனாரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். தலைவர்களின் சரித்திரங்களில் இத்தகையோர் பெயர் ஒருவரியில் வந்து மறைந்துவிடுகின்றது. பொருள் கொடுத்தவர் அவரே என்பது பலர்க்கும் தெரிவதில்லை.

1879இல் தம்பி தமையனிடம் சென்று, ஹொனலூலு நகரத்தில் ஆங்கிலத் திருச்சபையார் நடத்திய பள்ளியிற் சேர்ந்தார். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாது சென்ற அப்பிள்ளை, மூன்றாண்டு கழித்து 1882இல், ஆங்கில இலக்கணத்தில் சிறந்தமைக்காக அத்தீவின் மன்னர் கலாகௌவா கையாற் பரிசு பெற்றார். இலக்கணம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட யாம் இச்செய்தியைச் சற்று மகிழ்ச்சியோடு எடுத்துரைப்பதை அன்பர்கள் பொறுத்தருள்க. ஆனால் தம்பி கிறிஸ்து சமயத்தின்பால் மனம் சாய்வதைக் கண்ட தமையனார் வெகுண்டு, அவரை 1883இல் ஊருக்கு அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்தவர் வாளாவிருந்தனரல்லர். லூ ஹாவ் டுங் என்னும் தோழனோடு கூடி ஊர்க்கோயில் விக்கிரகத்தை உடைத்தார். ஊரார் சீறியெழவே, ஹாங்காங்குக்கு ஓட நேர்ந்தது. பிறர் வணங்குவதை உடைப்பது அறிவாகாது. பதினேழு வயதின் செருக்கு என்றே யாம் கொள்கின்றோம். அத்தோழன் பெயரை மட்டும் மீண்டும் காண்போம்.

ஹாங்காங்கிற் கல்வி பயின்று, ஞானஸ்நானமும் பெற்று, பெற்றோர் விருப்பப்படி லூ என்னும் குடும்பத்துப் பெண்ணை மணந்து, 1886இல் காண்டன் நகரத்தில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய மருத்துவமனையிற் சேர்ந்து ஓராண்டு கற்றார். அடுத்த ஆண்டு அவர் வாழ்வின் திருப்பம் நேர்ந்தது.

1887இல் ஹாங்காங்கில் சீனர்க்கென ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மருத்துவமும் சட்டமும் பயின்ற ஹோ காய் என்னும் சீனப் பெரியார், இளமையில் இறந்த தம் ஆங்கில மனைவி ஆலிஸ் நினைவாகக் கட்டுவித்த மருத்துவமனையே அக்கல்லூரிக்கு இடமாயிற்று. ஆசிரியராய் அமர்ந்தோருள் இருவர் பெயர் கூறத்தக்கது. ஒருவர் பாட்ரிக் மான்சன். யானைக்கால் நோய்க்குக் காரணமாகிய நுண்புழு கொசுவின் உடலில் வளர்கின்றது என்பதைச் சீனத்து அமோய் நகரில் 1877இல் முதன்முதற் கண்டவர் இவரே. மலேரியாவும் கொசுவினாற் பரவுவதே என இவர் கொண்ட கருத்தைப் பற்றிக்கொண்டுதான், ரொனால்டு ராஸ் என்பார் நம் நாட்டுச் செகந்தராபாத்தில் 1897இல் அதனை மெய்ப்பித்தார். யானைக்காலால் வருந்தியோரைத் தஞ்சை வட்டாரத்திற் கண்ட நம் முதியோர்க்கு மான்சன் செய்த உதவியின் அருமை விளங்கும். மற்றொருவர் ஜேம்ஸ் காண்ட்லி. ஸ்காட்லாந்து தேசத்தவர், ரண சிகிச்சையில் வல்லவர், மாணாக்கரைத் தம் மக்களெனக் கருதியவர். இவ்வரலாற்றில் யாம் பெரிதும் போற்றுவது யாரை என்று கேட்பின், தலைவரைக் கூறுமுன் இவ்வாசிரியர் பெயரே எம் நாவில் வரும்.

ஐந்தாண்டுப் படிப்பு. முதல் வகுப்பிற் சேர்ந்தோர் ஏறக்குறையப் பன்னிருவர். 1892இல் தேறி வெளிவந்தோர் இருவரே. அவ்விருவருள் முதல்வர் ஸன். உடற்கூறு, மருந்துநூல், ரண சிகிச்சை, மகப்பேறு என்ற எல்லாவற்றையும் அவர் ஊன்றிக் கற்றார். மாலையிலோ தோழர் சிலரோடு கூடி மஞ்சு அரசை ஒழிக்கும் வழியைப் பேசினார். அந்நால்வரை மற்ற மாணாக்கர் 'நான்கு பெருங்கொள்ளைக்காரர்' என்று விளையாட்டாக அழைத்தனராம். இளைஞர் பேச்சுத்தானே என்று எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

தேறியபின் நேர்ந்ததைக் கேட்டால் நம் இக்காலத்துப் பட்டதாரிகளும் பெருமூச்செறிவர். அக்கல்லூரியின் சான்று பிரிட்டிஷ் மருத்துவக் கழகத்தின் விதிகட்கு உட்படாமையால், கற்ற ஊராகிய ஹாங்காங்கிலேயே அவர் தொழில் நடத்த உரிமையில்லை! எனவே போர்த்துகேசியர் ஆண்ட மக்காவோ நகரத்துக்குச் சென்றார். அங்கே சீனர் அறநிலையமாக நடத்திய கியாங் வு மருத்துவமனை இருந்தது. அது பண்டைச் சீன வைத்தியமே வழங்கி வந்த இடம். அதன் தருமகர்த்தர்கள் மேனாட்டு மருத்துவம் கற்ற இவ்விளைஞரை ஏற்று, இடமும் அளித்து, மருந்துக்கடை வைக்கக் கடனும் கொடுத்தனர். ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் மருந்து கொடுத்தார். கடினமான ரண சிகிச்சை நேருங்கால், ஆசிரியர் காண்ட்லி ஹாங்காங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமையிற் கப்பலேறி வந்து, மாணாக்கன் அருகே நின்று துணை செய்து திரும்புவர். அதற்கு அவர் பொருள் பெற்றாரல்லர். தேறிப்போன மாணாக்கனுடைய தொழில் நிலைபெற வேண்டும் என்பதற்காகத் தம் ஓய்வு நாளைக் கொடுத்த ஆசிரியர் எத்துணைப் பேர்? எம்மை நோக்கியே இதனைக் கேட்டுக்கொள்கின்றோம்.

மக்காவோவில் இவர் பெயர் பரவவே, போர்த்துகேசிய மருத்துவர்கள் பொறாமை கொண்டனர். தங்கள் நாட்டுச் சான்று இல்லாதார் அங்கே மருத்துவம் செய்தல் கூடாதென விதியைக் காட்டித் தடுத்தனர். 1893இல் ஸன் காண்டன் நகரத்துக்குப் பெயர்ந்து அங்கும் மருந்துக்கடை திறந்தார். வருவாய் இருந்தது, மனம் அதில் இல்லை. இரண்டு ஊர்களிலும் வல்லமை இன்மையால் அன்றி, ஆளும் அயலார் விதியால் தடையுண்டமை அவர் உள்ளத்தை என் செய்திருக்கும் என நாம் ஊகிக்கலாம். ஆயினும் இது ஒன்றே அவரை மாற்றியது என்று கூறுதல் மிகையாகும். மாணாக்கப் பருவத்திலேயே வித்து ஊன்றப்பட்டிருந்ததைக் கண்டோமல்லவா?

அவர் எடுத்தவுடன் கலகத்திற் புகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். 1894இல் ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு வடக்கே டியன்ட்ஸின் வரையிற் சென்றார். அக்காலத்துப் பேரமைச்சர் லி ஹுங் சாங்கிடம் அதனைச் சேர்ப்பிக்க முயன்றார். மக்களுடைய ஆற்றல் முழுதும் வளர வேண்டும். நிலத்தின் வளம் முழுதும் பயன்பட வேண்டும். பொருள்கள் வீணாகாமற் பயன்பட வேண்டும். வாணிகம் தடையின்றி ஓட வேண்டும் என்பவையே அவ்விண்ணப்பத்தின் சாரம். இவற்றுள் அரசைக் கவிழ்க்கும் சொல் ஒன்றுமில்லை. ஆனால் சீனமும் ஜப்பானும் போரிடத் தொடங்கிய காலம் அது. அமைச்சர் அவரைக் காணவேயில்லை. காணாதுவிட்ட அந்த ஒரு நாளால் மஞ்சு அரசு எத்துணை இழந்தது என்பதை அமைச்சர் அறிந்திலர்.

அங்கிருந்து ஹவாய்க்குச் சென்று, 1894 நவம்பரில் 'சீனப் புத்துயிர்ச் சங்கம்' என்னும் முதற் சங்கத்தை நிறுவினார். முன்பு வெகுண்ட தமையனார் இப்பொழுது தம் மந்தையிற் பசுக்களை விற்றுப் பொருள் கொடுத்தார். 1895 அக்டோபரில் காண்டன் நகரத்தைப் பிடிக்க வகுத்த சூழ்ச்சி வெளிப்பட்டுவிட்டது. ஊர்க்கோயிலில் உடன் நின்ற லூ ஹாவ் டுங் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். நீலவானில் வெண்கதிரோன் விளங்கும் கொடியை வகுத்தவன் அவனே. ஸன் தப்பி ஹாங்காங் சேர்ந்து, காண்ட்லியின் அறிவுரைப்படி ஒரு வழக்கறிஞரைக் கண்டு, உடனே ஊரைவிட்டு நீங்கினார். 1896இல் ஹாங்காங் அரசாங்கம் அவர் ஐந்தாண்டு அங்கு வரலாகாதென விலக்கியது. ஜப்பான் சென்று மஞ்சு ஆட்சியின் அடையாளமாகிய பின்னற்குடுமியைக் களைந்து, மேனாட்டு உடை பூண்டார். மருத்துவத் தொழில் அன்றோடு முடிந்தது. 'டாக்டர்' என்னும் அடைமொழி மட்டும் நின்றது.

அடுத்த ஆண்டு லண்டன் மாநகரத்தில் நிகழ்ந்தது கதைபோற் சுவையுடையது. ஆயினும் முழுதும் நடந்தது. ஹொனலூலு வீதியில் ஒரு நாள், தாயகம் திரும்பும் வழியில் இறங்கியிருந்த காண்ட்லி தம்பதிகள் வண்டியிற் செல்வதைக் கண்ட ஸன், ஓடிச்சென்று வண்டியில் ஏறினார். மேனாட்டு உடையிலிருந்த அவரை ஆசிரியரும் முதலில் அறிந்திலர். பின்பு அறிந்து மகிழ்ந்து, லண்டனுக்கு வருக என அழைத்துச் சென்றனர். அங்ஙனமே ஸன் 1896 செப்டம்பர் இறுதியில் லண்டன் சேர்ந்தார். ஆசிரியர் இல்லத்துக்கு மிக அண்மையிலேயே சீனத் தூதர் மாளிகையும் இருந்தது.

அக்டோபர் 11ஆம் நாள் ஞாயிறு. ஆசிரியர் குடும்பத்தோடு திருக்கோயில் செல்லவேண்டிப் புறப்பட்டவரை, வீதியில் ஒரு சீனர் பேச்சுக் கொடுத்து அழைத்துச் சென்று தூதர் மாளிகையுள் தள்ளிவிட்டனர் என்று ஸன் பின்னர் எழுதினார். அவர் தாமே துணிந்து உட்சென்றார் என்று சொல்வாரும் உளர். எவ்வாறாயினும் கதவு அடைக்கப்பட்டது. கம்பியிட்ட சாளரமுடைய மேல்மாடி அறையிற் சிறையிருந்தார். அவரைப் பித்தர் எனக் கூறிக் கப்பலேற்றிச் சீனத்துக்கு அனுப்புவதென்றும், அதற்கு ஏழாயிரம் பவுன் கொடுத்து ஒரு கப்பலை அமர்த்துவதென்றும் ஏற்பாடாயிற்று. சீனத்தில் அவருக்குக் காத்திருந்த தண்டனை யாதெனக் கூறவும் வேண்டுமோ?

அவர் காகிதங்களைச் சுருட்டிக் காசு பொதிந்து சாளரத்தின் வழியே எறிந்தார். அவை காவலர் கைப்பட்டன. எஞ்சியிருந்தவன் அறைக்குக் கரியும் நெருப்பும் கொண்டுவரும் கோல் என்னும் ஆங்கில ஏவலாளன். துருக்கி சுல்தான் ஆர்மீனியக் கிறிஸ்தவரைக் கொல்ல நினைப்பதுபோல் சீனப் பேரரசர் எம்மைக் கொல்ல நினைக்கின்றார் என அவனுக்கு விளங்கும் உவமையாற் கூறி மன்றாடினார். அந்நாளில் ஆங்கிலப் பத்திரிகைகளெல்லாம் ஆர்மீனியர் துயரத்தையே எழுதிக்கொண்டிருந்தன. ஏவலாளன் மனம் தடுமாறியது. அவன் அம்மாளிகையின் வீட்டுப் பொறுப்பாளராகிய ஹௌ என்னும் மாதிடம் கலந்தான். அம்மாது அவனுக்கும் முந்தினாள். 17ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளையில் காண்ட்லியின் வாயில்மணி ஒலித்தது, கதவின் கீழே ஒரு கடிதம் கிடந்தது, கொணர்ந்தவரைக் காணோம். உம் நண்பர் இங்கே சிறையிருக்கின்றார், விரைந்து காப்பாற்றுவீராக என்னும் பொருள்பட எழுதப்பட்டிருந்தது, கையெழுத்தில்லை.

அவ்விரவே காண்ட்லி உடையணிந்து புறப்பட்டார். தூதர் மாளிகையில் ஆலோசகராயிருந்த ஆங்கிலேயர் மக்கார்ட்னியின் இல்லத்தைத் தட்டினார், ஆளில்லை. காவல் நிலையத்துக்கும், ஸ்காட்லாந்து யார்டுக்கும் சென்றார். இஃது எம் பொறுப்பன்று என்றனர். மறுநாள் மான்சனும் சேர்ந்துகொண்டார். கோல் கொணர்ந்த இரண்டு சீட்டுகளில் ஸன்னின் கையெழுத்தைக் கண்டபின் ஐயம் தீர்ந்தது. கூலி கொடுத்து ஓர் ஆளை மாளிகைமுன் காவலுக்கு நிறுத்தினர். வெளிநாட்டு இலாகாவை முட்டினர். பத்திரிகைக்கும் செய்தி எட்டியது. 22ஆம் நாள் மாலை 'குளோப்' இதழ் அதனை வெளியிடவே, மாளிகை வாயிலில் கூட்டம் கூடியது. பிரதம மந்திரி சாலிஸ்பரி பிரபு தலையிட்டார். 23ஆம் நாள் மாலை ஸன் விடுவிக்கப்பட்டார். பன்னிரண்டு நாட் சிறை. உள்ளே செல்லும்பொழுது அவரைச் சீனத்துக்கு வெளியே அறிந்தார் சிலரே. வெளியே வரும்பொழுது உலகமே அறிந்திருந்தது. கொல்ல நினைத்தவரே அவரைத் தலைவராக்கிவிட்டனர் என்னலாம். அடுத்த ஆண்டு அவர் இந்நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். பல மாதம் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையின் நூல்நிலையத்தில் அமர்ந்து படித்தார். அவரைப் பின்தொடர்ந்த ஒற்றர்கள் அவர் நாள்தோறும் நூல்நிலையம் செல்வதையே எழுதி எழுதிச் சலித்தனர்.

இதன்பின் பதினைந்தாண்டு அலைச்சலை விரித்தெழுத இவ்விதழின் ஏடுகள் போதா. ஜப்பான், அன்னம், சிங்கப்பூர், ஐரோப்பா, அமெரிக்கா எனத் திரிந்து, சலவைக்காரர், சமையற்காரர், கடைக்காரர், சுரங்கக் கூலிகள் ஆகியோரிடம் சிறுதொகை திரட்டினார். 1905 ஆகஸ்டில் டோக்கியோ நகரத்தில் பல சங்கங்களையும் ஒன்றாக்கி ஐக்கிய சங்கம் கண்டார். தேசியம், மக்களாட்சி, மக்கள் வாழ்வு என்னும் மூன்று கொள்கைகளை வகுத்தார். எழுச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பத்து முறை தோற்றார் என்பது மரபாகக் கூறும் கணக்கு.

இவற்றுள் நம்மவர்க்குப் பழக்கமான ஓர் ஊரும் வருகின்றது. அது பினாங்கு. நம் முன்னோர் வட்டிக்கடைக்கும் தோட்டக் கூலிக்கும் கப்பலேறிச் சென்ற அதே பினாங்கில், 1910ஆம் ஆண்டு நவம்பரில் ஸன் தம் தோழரைக் கூட்டி அடுத்த எழுச்சிக்குத் திட்டம் வகுத்தார். அங்குள்ள சீன வணிகரிடம் பொருள் திரட்டினார். அதன் விளைவாகிய காண்டன் எழுச்சி 1911 ஏப்ரல் 27ஆம் நாள் தோற்றது. கண்டெடுத்துப் புதைக்கப்பட்ட உடல்கள் 72. இப்பினாங்கிலேதான் அவர்தம் மனைவியும் இரண்டு பெண்மக்களும் தங்கியிருந்தனர். ஊரிலுள்ள சீன அன்பர்கள் திங்கள்தோறும் அளித்த தொகையால் அவர்கள் குடும்பம் நடந்தது. மக்காவோவிலும் காண்டனிலும் செழித்த தொழில் உடையவராயிருந்த ஒருவரின் இல்லாள், பிறர் கொடுக்கும் பணத்தால் உலை வைத்தாள். உறவினர் இவ்விடத்தில் எம்மை இடைமறித்து, "இதைத்தான் மச்சான் நான் அஞ்சுகிறேன்" என்றார். யாம் மறுக்கவில்லை.

தமையனார் நிலையும் அதுவே. ஹவாயில் பெருநிலம் ஆண்ட ஸன் மெய், தம்பிக்குக் கொடுத்துக் கொடுத்து, கடனுக்கு ஆட்பட்டு, நிலமும் இழந்து ஆசியாவுக்குத் திரும்பினார். குடியரசு பிறந்தபின் 1912இல் அவரைத் தம் மாகாணத்து ஆளுநராக்க வேண்டுமென்று காண்டன் மக்கள் சிலர் கிளர்ந்தனர். ஸன் தந்தி கொடுத்துத் தடுத்தார். தமையனார்க்கு நேர்மையுண்டு, அரசியற் பழக்கமில்லை என்பது அவர் கருத்து. தம்பிக்காக ஆண்டியான தமையனுக்குத் தம்பி செய்த கைம்மாறு இதுதானா என்று நம் இல்லங்களிற் கேட்பர். அரசு ஒரு குடும்பத்தின் சொத்தன்று என்பதற்காகவே மன்னனை நீக்கினோம் என்று அவர் விடை கூறியிருக்கக்கூடும். இரண்டும் மெய்யே. யாம் எத்தனை முறை எண்ணியும் இவ்வழக்கிற்குத் தீர்ப்பெழுத முடியவில்லை. ஸன் மெய் 1915இல் மக்காவோவில் காலமானார்.

1911 அக்டோபர் 10ஆம் நாள் வுசாங் நகரத்துப் படைவீரர் எழுந்தனர், அவ்வெழுச்சி வென்றது. அதற்கு உழைத்த தலைவரோ அப்பொழுது அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் இருந்து, செய்தித்தாளைப் பார்த்தே செய்தி அறிந்தார்! உடனே ஓடிவராமல், லண்டன், பாரிஸ் நகரங்களுக்குச் சென்று, அயல்நாட்டார் மஞ்சு அரசுக்குக் கடன் கொடாமல் தடுக்க முயன்று, டிசம்பர் 25ஆம் நாள் ஷாங்காய் சேர்ந்தார். 1912 சனவரி முதல் நாள் நான்கிங் நகரத்தில் சீனக் குடியரசின் தற்காலிகத் தலைவராகப் பதவியேற்றார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பேரரசர் ஆட்சி முடிந்தது.

ஆனால் அத்தலைமை நீடித்தது சில கிழமைகளே. கருவூலத்திற் காசில்லை, கையில் வலிய படையில்லை. வடக்கே பெரும்படையைக் கையில் வைத்திருந்தவர் யுவான் ஷி காய். மஞ்சு அரசரை இறங்கச் செய்து குடியரசை ஏற்பாராயின் தலைமையை அவர்க்கே தருவேன் என்று ஸன் கூறியிருந்தார். பிப்ரவரி 12ஆம் நாள் குழந்தையரசர் முடி துறந்தார். 13ஆம் நாள் ஸன் பதவி துறக்க எழுதிக் கொடுத்தார். இதனைத் துறவு என்று புகழ்வோரும் உளர். வலியின்மை என்று இகழ்வோரும் உளர். குருதி பெருகாமல் நாட்டைப் பிழைக்க வைக்க எண்ணினார் என்று யாம் கொள்கின்றோம். ஆயினும் நோயின் வேரை உள்ளே வைத்துத் தைத்த புண் ஆறுமோ? 1913 மார்ச்சு மாதத்தில், தேர்தலில் வென்ற கட்சித் தலைவர் ஸுங் சியாவ் ஜென் ஷாங்காய் இரயில் நிலையத்திற் சுடப்பட்டு இறந்தார். ஸன் படையெடுக்க முயன்று தோற்று மீண்டும் ஜப்பானுக்கு ஓடினார். யுவானோ தன்னையே பேரரசனாக்கிக்கொள்ள முயன்று, அதுவும் கைகூடாமல் 1916 ஜூன் மாதம் இறந்தான். நாடு படைத்தலைவர் பலர் கையிற் சிதறியது.

இவ்விடத்தில் ஸன்னின் குறைகளையும் மறையாது கூறுதல் கடன். பத்தாண்டில் 2,00,000 லி நீளத்துக்கு, அஃதாவது ஏறக்குறைய 1,00,000 கிலோமீட்டருக்கு, இரயில் பாதை இடுவேன் என்றார். ஒரு கல்லும் இடப்பட்டிலது. 1914இல் ஜப்பானில் தொடங்கிய புதுக் கட்சியில் சேர்வார் தமக்கே கீழ்ப்படிவதாக உறுதி கூறிக் கைரேகை இடவேண்டும் என்றார். உயிர் கொடுத்து உடன் நின்ற ஹுவாங் ஸிங் போன்றார் அதனைப் பொறாது விலகினர். மக்களாட்சி பேசியவர்க்கு இஃது அழகன்று. 1915இல், முப்பதாண்டு துயருற்ற மனைவியை நீக்கி, இருபத்திரண்டு வயதுடைய ஸுங் சிங் லிங் அம்மையாரை மணந்தார். பின்வந்த அம்மையார் பெருந்தகைமை உடையவர் என்பதில் ஐயமில்லை. எனினும் பினாங்கில் காத்திருந்தவளை நினைக்கும்பொழுது எம் மனம் ஒப்பவில்லை.

எஞ்சிய ஆண்டுகள் காண்டனில் அரசமைப்பதும், துரத்தப்படுவதும், மீள்வதுமாயின. 1922 ஜூனில் தம் கீழிருந்த படைத்தலைவர் சென் சியுங் மிங்கே அவர் இல்லத்தைத் தாக்க, பல ஆண்டு எழுதி வைத்த கையெழுத்துப் படிகள் நெருப்பில் வெந்தன. மறுபடி நினைவிலிருந்து 1924இல் மூன்று கொள்கைகளையும் சொற்பொழிவுகளாக ஆற்றினார். அவ்வாண்டே ருஷ்யர் துணையோடு கட்சியைத் திருத்தி அமைத்து, பொதுவுடைமையாரையும் அதிற் சேர்த்து, வாம்போவா என்னுமிடத்தில் படைப்பள்ளி கண்டார். 1923 பிப்ரவரியில் தாம் கற்ற கல்லூரியின் வழிவந்த ஹாங்காங் சர்வகலாசாலையில் பேச அழைக்கப்பட்டார். முன்பு அவரை விலக்கிய ஊர் அது. தம் புரட்சி எண்ணங்கள் அவ்வூரிலேயே கிடைத்தன என்றும், வீடு திரும்பினாற்போல் இருக்கின்றது என்றும் மாணாக்கரிடையே கூறினார். ஒழுங்கான வீதிகளையும் நல்லாட்சியையும் ஹாங்காங்கிற் கண்டு, ஐம்பது மைல் தொலைவிலுள்ள தம் ஊரில் அவை இல்லாமை ஏன் என்று எண்ணியதே தொடக்கம் என்றாராம்.

1924 இறுதியில் நாட்டை ஒன்றாக்கும் பேச்சுக்காக வடக்கே புறப்பட்டார்; வழியிலேயே நோயுற்றார். 1925 சனவரி 26ஆம் நாள் பெக்கிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து பார்த்தனர். ஈரலிற் புற்று முற்றியிருந்தது. ஒன்றும் செய்வதற்கின்றி மூடினர். பித்தப்பையில் தோன்றிய புற்றே ஈரலிற் பரவியது என்று அண்மைக்காலத்து ஆய்வாளர் பழைய குறிப்புகளைக்கொண்டு கூறுவர். ரேடியம் கொண்டு பார்த்தும் பயனின்மையால், பிப்ரவரியில் ஓர் இல்லத்துக்குக் கொண்டுபோய்ச் சீன நாட்டு வைத்தியரை அழைத்தனர். சீன வைத்தியமே வழங்கிய மக்காவோ மருத்துவமனையில் மேனாட்டு மருந்தை முதலிற் கொண்டு புகுத்திய அம்மருத்துவர்க்கு, மேனாட்டு மருத்துவம் கைவிட்டபின் வேரும் தழையும் கொடுக்கப்பட்டன. தம் நோயின் தன்மையை அவர் நன்கு அறிந்திருப்பார். மார்ச்சு மாதம் 12ஆம் நாள் காலையில் உயிர் நீங்கிற்று. வயது 58. ஆசிரியர் காண்ட்லி மறு ஆண்டில், 1926இல், மாணாக்கனைப் பின்தொடர்ந்தார். 1929இல் ஸன்னின் உடலை நான்கிங் நகரத்துக்குக் கொண்டுவந்து ஊதாமலைச் சாரலில் அடக்கம் செய்தனர். அவர்தம் கட்சியாரும் பொதுவுடைமையாரும் பின்னர் ஒருவரையொருவர் பல்லாண்டு கொன்று, 1949இல் நாட்டை இரு கூறாக்கினர். ஆயினும் தைப்பேயிலும் பெக்கிங்கிலும் அவர் ஒருவரையே இருசாராரும் போற்றுகின்றனர்.

இத்துணையும் கேட்டிருந்த உறவினர் நெடுநேரம் பேசாதிருந்து, "அவர் பிள்ளைகளுக்கு என்ன வைத்துவிட்டுப் போனார்?" என்று வினவினார். இறப்பதற்கு முதல்நாள் அவர் கையெழுத்திட்ட குடும்ப ஆவணத்தின் பொருளைக் கூறினோம். நாட்டுப்பணியில் ஈடுபட்டமையால் தாம் சொத்துத் தேடவில்லை என்றும், நூல்களும் உடைகளும் இருந்த வீடும் மனைவிக்கு நினைவாக உரியன என்றும், மக்கள் வளர்ந்துவிட்டமையால் தம் காலில் நிற்கலாம் என்றும் எழுதியிருந்தார். உறவினர் தலையசைத்தார். மேல்துண்டை எடுத்து உதறித் தோளிலிட்டுக்கொண்டு, "அந்த ஆசிரியர் பெயர் என்ன சொன்னீர்கள், மச்சான்?" என்று மீண்டும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, தம் மகனிடம் தாமே இக்கதையைச் சொல்வதாகக் கூறிப் படியிறங்கினார்.